இடுகாடு நம்முடையது, வழி அவர்களுடையது

பயிற்சி வகுப்பில் மூன்று பட்டியல்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டெல்லி சட்டம் போடக்கூடியவை ஒரு பட்டியல். மாநிலம் சட்டம் போடக்கூடியவை இன்னொன்று. இருவரும் போடலாம் என்பது மூன்றாவது. ராணுவம், ரயில், தபால் எல்லாம் அவர்களுக்கு; போலீஸ், நிலம், ஆஸ்பத்திரி எல்லாம் நமக்கு. நானும் இதை மனப்பாடம் செய்துதான் துறைத் தேர்வு எழுதினேன். உப்பு முதல் பட்டியலில் இருக்கிறது, இடுகாடு இரண்டாவதில் இருக்கிறது என்பது எனக்கு வேலையில் சேரும்போதே தெரியும். அந்த இரண்டு வரிகளும் ஒரு நாள் வெயிலில் என் எதிரே வந்து நிற்கும் என்பது மட்டும் தெரியாது.

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், இது நம்ம பவர்ல வருமா, வராதா?" பல வருடம் நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் தெரிந்த பிறகும் வேலை முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புத்திமதி சொல்லும் தெம்பு இப்போது இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஆர்.ஐ. என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். எனக்கு மேலே தாசில்தார் திண்டிவனத்தில், கலெக்டர் கடலூரில். ஊருக்குக் கிழக்கே பார்த்தால் கண் கூசும் வரை உப்பளம். அந்த நிலம் மத்திய அரசினுடையது. குத்தகை எடுத்து உப்பு விளைவிப்பவர்கள் தனியார். மேற்பார்வை பார்ப்பவர் டெல்லியின் ஆளான உப்பு இன்ஸ்பெக்டர். பாத்திகளுக்கு நடுவே மேடான ஓரிடத்தில் அவருக்கு ஓட்டுக் கட்டடத்தில் ஓர் ஆபீஸ். நான் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. அவருடைய வேலை அவருக்கு, என்னுடைய வேலை எனக்கு. பட்டியல் அப்படித்தானே சொல்கிறது.

உப்பளத்தை ஒட்டி ஒரு கிறிஸ்தவக் குப்பம் இருந்தது. பெயர் வேண்டாம். ஆண்களில் பாதிப்பேர் கடலுக்குப் போவார்கள். மீதிப்பேரும் பெண்களும் உப்பள வேலைக்குப் போவார்கள். அவர்களுடைய கல்லறைகள் உப்பளத்துக்கு அப்பால், கழிமுகத்தை ஒட்டிய மணல்மேட்டில் இருந்தன. அந்த மேடு நம்முடைய கிராமக் கணக்கில் இடுகாட்டுப் புறம்போக்கு. சுத்தமான மாநில நிலம். ஆனால் மூன்று பக்கமும் மத்திய நிலம், நான்காவது பக்கம் தண்ணீர். வெளிக்கரை மேல் நடந்துதான் அங்கே போக முடியும். கரை உப்பளத்தைச் சேர்ந்தது. இப்படி ஒரு தீவு இருக்கிறது என்பதே வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் கரையில் நடப்பதை யாரும் தடுக்கவில்லை.

அந்த வருடம் உப்பு திருடுபோகிறது, வண்டி போய்ப் போய்க் கரை உடைகிறது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து, கரை தொடங்கும் இடத்தில் சவுக்குக் கட்டையில் ஒரு கேட் போட்டார்கள். சங்கிலி, பூட்டு. காலையில் வேலைக்கு ஆட்கள் போகும்போது திறப்பார்கள். மாலையில் வரும்போது திறப்பார்கள். மற்ற நேரம் பூட்டு. கேட் போட்ட பிறகு குப்பத்தில் நடந்த முதல் சாவு அந்தோணியம்மாளுடையது.

காலை பத்து மணி வாக்கில் தலையாரி மூச்சு வாங்க என் ஆபீசுக்கு வந்தார்.

"சார், உப்பளத்தாண்ட கலாட்டா ஆவப்போவுது. பெட்டிய நடுவழியில எறக்கி வெச்சிட்டு உக்காந்துட்டாங்க. கேட்ட ஒடைக்கப் போறேன்னு பசங்க நிக்கிறானுங்க. போலீசும் வந்துடுச்சி."

சைக்கிளை எடுத்தேன். வழியில் தபால் ஆபீஸ். அங்கிருந்துதான் டிரங்க் கால் போட முடியும். திண்டிவனத்தில் தாசில்தார் கிடைத்தார். நான் வேலை செய்தவர்களிலேயே நிதானமான மனிதர்; ஓய்வு பெற ஒரு வருடமோ என்னவோ பாக்கி. விஷயத்தைச் சொல்லி, என்ன உத்தரவு சார் என்று கேட்டேன்.

"ஏம்பா, நீ இப்ப என்னைக் கேட்டா நான் சப்-கலெக்டரக் கேக்கணும். அவரு கலெக்டரக் கேக்கணும். அவரு மெட்ராஸுக்கு எழுதணும். மெட்ராஸு டெல்லிக்கு எழுதணும். வெளிய வெயில் அடிக்குது பாத்தியா?"

"அடிக்குது சார்."

"அந்தம்மா அதுவரைக்கும் தாங்குமா?"

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ என்னைக் கேக்கல. நான் எதுவும் சொல்லல. போய்ப் பாரு. பாத்துட்டு, என்ன செஞ்சேன்னு சாயங்காலம் சொல்லு. என்ன செய்யட்டும்னு கேக்காத."

போனை வைத்துவிட்டார். கைகழுவிவிட்டாரே என்று அன்று கோபம் வந்தது. அவர் எனக்கு எவ்வளவு இடம் விட்டுக்கொடுத்தார் என்பது புரியக் காலம் பிடித்தது. மேலே கேட்டிருந்தால், தெரியாத விஷயத்துக்கு எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். வேண்டாம் என்று. அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இருந்திருக்காது.

கேட்டுக்கு முன்னால் மாதா கோயில் பெஞ்சு ஒன்றைப் போட்டுப் பெட்டியை அதன்மேல் வைத்திருந்தார்கள். அங்கே நிழல் என்று ஒன்றுமில்லை. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். செத்துப்போனவளின் கணவர் சவரிமுத்து பெட்டியை ஒட்டிக் குந்தியிருந்தார். ஒரு கை மூடியின் மேல் இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மகன் அருளப்பன். உள்ளே நின்றவரிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"உயிரோட போனப்ப தெனம் காலீல தொறந்துவுட்டீங்க. இப்ப ஏன் சார் தொறக்க மாட்டேங்கிறீங்க? எங்கம்மா உப்ப வாரிக்கினு வந்துடும்னா?"

அந்தோணியம்மாள் அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தாள். போன வாரம் வரை. பிறகு காய்ச்சல், அப்புறம் பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்தது. இவ்வளவையும் தலையாரி என் காதருகே சொன்னார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் உப்பு இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். நடுத்தர வயது, ஒல்லியான உடம்பு, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு வாட்ச்மேன்கள் பக்கத்தில். அவர்கள் இருவரும் அதே குப்பத்து ஆட்கள்தான். செத்தவளுக்கு உறவுகூட இருக்கலாம். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஆர்.ஐ. சார், ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க. கேட்ட ஒடைக்கறவன நான் புடிக்கணுமா, இல்ல பெட்டிக்கு பந்தோபஸ்து குடுக்கணுமா? எதுன்னாலும் செய்யிறேன். ஆனா எழுத்துல இல்லாம இவங்க மேல லத்தியத் தூக்க மாட்டேன்."

"அவர் ஏதாவது கம்ப்ளெயிண்ட் குடுத்தாரா?"

"குடுக்க மாட்டேங்கிறாரு. தொறக்கவும் மாட்டேங்கிறாரு. எனக்கு பவர் இல்ல, பவர் இல்லன்றாரு."

நின்ற இடத்தில் நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போலீஸ் நம்முடையது. பொது அமைதி நம்முடையது. சுகாதாரம் நம்முடையது. இடுகாடு நம்முடையது. அழுதுகொண்டிருக்கும் ஜனங்கள் நம்முடைய கிராமக் கணக்கில் இருப்பவர்கள். கரை மட்டும் அவர்களுடையது. பத்தில் ஒன்பது நம் பக்கம் இருந்தும், பெட்டி அந்த ஒன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

அவசரப்படுகிற ஆர்.ஐ. அங்கே இரண்டில் ஒன்றைச் செய்திருப்பான். உப்பு இன்ஸ்பெக்டரிடம் சட்டம் பேசியிருப்பான். அவர் பதிலுக்குச் சட்டம் பேசியிருப்பார். அல்லது, "ஒடைங்கடா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருப்பான். கேட்டோடு சேர்த்து வாட்ச்மேன்களின் மண்டையும் உடைந்திருக்கும். இரண்டையும் செய்யாமல் இருந்ததற்கு என்னிடம் விவேகம் எதுவும் காரணமில்லை. எனக்குத் தாகமாக இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன். அவர் வாட்ச்மேனிடம் சொல்லி, கேட்டை ஓர் ஆள் நுழையுமளவு திறந்து என்னை மட்டும் உள்ளே விட்டு மறுபடி பூட்டினார். அருளப்பன் என்னை முறைத்தான். நானும் அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

ஆபீஸ் அறையில் அவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். டம்ளருக்கு வெளியே பாதி போயிற்று. அவர் பெயர் கோதண்டராமன் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"சார், நான் மனுஷன் இல்லையா?" என்றார். "அந்தம்மாவ எனக்குத் தெரியும். உப்பு சேக்கறதுல அவங்க வரிசை எப்பவும் முன்னால நிக்கும். காலைல கேள்விப்பட்டதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் ஓடல."

"அப்ப தொறந்துடுங்களேன்."

"எனக்கு பவர் இல்ல சார். இது கவர்ன்மென்ட் ஆஃப் இண்டியா ப்ராபர்ட்டி. எங்க மெட்ராஸ் ஆபீஸுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்."

"சட்டத்த விடுங்க சார். உங்களுக்கு என்ன பயம்? அதச் சொல்லுங்க."

அவர் சொம்பை மூடி வைத்தார். பிறகு சொன்னார். இதற்கு முந்தைய ஊரில் அறுவடைக்கு வண்டி போகட்டும் என்று ஒரு வருடம் வழி விட்டாராம். அடுத்த வருடம் அது தங்கள் பாதை என்று ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். உப்பு இன்ஸ்பெக்டரே அனுமதி கொடுத்தார் என்று கூண்டில் ஏறிச் சொன்னார்கள். பொய்யில்லை, உண்மைதான். அந்த ஒரு வரிக்காக அவருக்கு விசாரணை, தண்டனை மாற்றல், பெண்டாட்டி பிள்ளைகள் ஓர் ஊரில், இவர் இங்கே.

"இன்னொரு தடவ தாங்க மாட்டேன் சார். கோதண்டராமன் அனுமதி குடுத்தான்னு ஒரு வரி எங்கயும் வரக் கூடாது. அவ்வளவுதான்."

வெளியே யாரோ ஒரு பெண் ஜெபம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. இரண்டு அரசாங்கங்கள் மோதிக்கொள்கின்றன என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். டெல்லிக்கு அந்தோணியம்மாளைத் தெரியாது. மெட்ராஸுக்கும் தெரியாது. இரண்டு பேரும் எங்கோ இருந்தார்கள். இங்கே இருந்தவர் பயந்துபோன ஒரு மனிதர், அவ்வளவே.

"அனுமதி குடுத்தீங்கன்னு வர வேணாம். ஆட்சேபணை பண்ணீங்கன்னு வந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவருடைய மேஜையிலேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். சடலத்தைக் கொண்டுசெல்வதற்கு மத்திய அரசின் உப்பு இன்ஸ்பெக்டர் ஆட்சேபணை தெரிவித்தார். அதை மீறி, பொது அமைதியையும் சுகாதாரத்தையும் கருதி, சடலத்தை வெளிக்கரை வழியாக எடுத்துச்செல்ல ரெவின்யூ இன்ஸ்பெக்டராகிய நான் உத்தரவிட்டேன். இதனால் கரையின்மீது யாருக்கும் எந்த உரிமையும் ஏற்படாது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அப்படி உத்தரவிட எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் இரண்டு தடவை படித்தார். "கடுமையாக ஆட்சேபித்தார்னு போடுங்க சார்."

போட்டேன்.

"நேர்லயும் ஆட்சேபிக்கணும். சாட்சி வேணும்."

வெளியே வந்தோம். கேட்டருகே நின்று, எல்லோர் முன்னிலையிலும் அவர் சொன்னார். "இந்த வழியா போறத நான் ஆட்சேபிக்கிறேன். எஸ்.ஐ. சார், கேட்டுக்கிட்டீங்களா?" எஸ்.ஐ. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்கொண்டேன் என்றார். குப்பத்து ஜனங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருளப்பன் கைகளை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். நான் அவன் தோளைப் பிடித்து, "போவலாம்பா. பெட்டியத் தூக்குங்க" என்றேன்.

அப்போதும் ஒரு சிக்கல். வாட்ச்மேனை விட்டுப் பூட்டைத் திறந்தால் அது அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று கோதண்டராமன் தயங்கினார். எஸ்.ஐ. அவரை ஒரு பார்வை பார்த்தார். கடைசியில் பூட்டைத் தொடாமல், கீல் இருந்த பக்கமாகக் கேட்டையே தூக்கிக் கழற்றுவது என்று முடிவாயிற்று. நான்கு இளைஞர்கள் தூக்கினார்கள்.

"ஒடைக்காம தூக்குங்கப்பா," என்றார் கோதண்டராமன். "சாயங்காலம் திரும்ப மாட்டணும்."

கரை குறுகலாக இருந்தது. பெட்டியைச் சுமந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். பங்குச் சாமியார் முன்னால், சவரிமுத்து பெட்டிக்குப் பின்னால். பாத்திகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கோதண்டராமன் கூடவே ஓரமாக வந்து, "வரப்பு மேல போங்க, பாத்தில கால வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பாதி வழிக்கு மேல் அவர் அதைச் சொல்லவில்லை.

மண் போட்டு முடிந்ததும் சவரிமுத்து என்னிடம் வந்தார். அன்று அவர் பேசியது அப்போதுதான்.

"சார், பக்கத்துலயே எனக்கும் எடம் வுட்டிருக்குது. அன்னிக்கி எம்புள்ள யாரப் போயிக் கேக்கணும்?"

"அதுக்குள்ள எல்லாம் சரியாயிடும், ஐயா," என்றேன். நீங்களும் சொல்வீர்கள். உத்தியோகத்தில் மிகச் சுலபமாக வாயில் வரும் வாக்கியம் அது.

மெமோ வந்தது. மத்திய அரசின் நிலத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் உத்தரவிட்டீர், விளக்கம் தேவை. தாசில்தாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "பதில் எழுது. நீளமா எழுதாத. நீளமா எழுதுனா படிப்பாங்க" என்றார். சடலம் காத்திருக்க இயலாத நிலையில் இருந்தது என்று எழுதினேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். தாசில்தார் அதை மேலே அனுப்பும்போது எனக்காக என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து மரக்காணம் கடைத்தெருவில் கோதண்டராமனைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அவருக்கும் மெமோ.

"வெறுமனே ஆட்சேபிச்சா போதுமா, ஏன் தடுக்கலன்னு கேட்டிருக்காங்க சார். உங்களுக்கு?"

"எனக்கு ஏன் விட்டேன்னு."

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "உங்க சர்க்காரும் சரி, எங்க சர்க்காரும் சரி. நாம ரெண்டு பேருதான் தப்பு."

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாளாவது அந்த பெஞ்சில் சந்தித்துக்கொள்வோம். உப்பைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ அதிகம் பேச மாட்டோம். அவர் பிள்ளைகள் படிப்பு, என் மனைவியின் உடம்பு, இப்படி. ஆனால் பிறகு கரை உடைந்தாலும், மாடு புகுந்தாலும், வாய்க்கால் தகராறு வந்தாலும் தாள் எதுவும் தேவைப்படவில்லை. அதிலிருந்து எந்த ஊருக்கு மாற்றலானாலும், சேர்ந்த முதல் வாரமே மத்திய அரசின் ஆட்கள் யார் யார் என்று பார்த்து, ஸ்டேஷன் மாஸ்டர், போஸ்ட் மாஸ்டர், சுங்கம், உப்பு, யாராக இருந்தாலும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி நடுவழியில் நிற்கும்போது முதல் முறையாகப் பெயர் கேட்கக் கூடாது.

இரண்டு பேரும் அவரவர் மேலிடத்துக்கு எழுதினோம். இடுகாட்டுக்கு நிரந்தர வழி வேண்டும் என்று நான் எழுதினேன். வழி விட ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதினார். மெட்ராஸ் டெல்லிக்கு எழுதியது. டெல்லி வரைபடம் கேட்டது. நாம் வரைபடம் அனுப்பினோம். மத்திய நிலத்தின் பகுதியை மாநிலம் விலைக்குக் கேட்கிறதா, குத்தகைக்கா, வெறும் நடை உரிமையா என்று கேள்வி வந்தது. இங்கே பதில் சொல்லக்கூடியவர் யார் என்று கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போய்விட்டது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் மாநில ஆட்சியைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சி கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க அவசரநிலை வேறு. ஊரில் மற்றவர்கள் வேறு என்னென்னவோ நினைத்துப் பயந்தார்கள். நான் அசட்டுத்தனமாக ஒன்று நினைத்தேன். இனி மெட்ராஸிலும் டெல்லியின் ஆட்சிதானே, ஒரே கை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிடுமே என்று. கோதண்டராமனிடம் சொன்னேன்.

"பாக்கலாம் சார்," என்றார்.

கோப்பு இம்மியும் நகரவில்லை. மேலே யார் உட்கார்ந்தாலும், உப்புக்கு ஓர் ஆபீஸ், இடுகாட்டுக்கு ஓர் ஆபீஸ். அவை தனித்தனியாகத்தான் இருந்தன. ஒன்றின் கேள்விக்கு இன்னொன்று அதே வேகத்தில்தான் பதில் சொன்னது.

அதற்காக, பிரித்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. சலிப்பில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. உப்பை ஒரே கையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடலே இல்லாத மாநிலத்துக்கும் உப்பு போய்ச் சேர வேண்டும். இடுகாட்டை டெல்லியிலிருந்து பார்க்க முடியாது. எந்தக் குப்பம் எங்கே புதைக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். கோடு போட்டவர்கள் யோசித்துத்தான் போட்டார்கள். தாளில் போட்ட கோடு மண்ணில் எங்கே விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது விழும் இடத்தில் உட்காருவதற்குத்தான் நம்மைப் போன்றவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

கடைசியில் இரு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்து வந்து பார்த்தார்கள். ஜீப்புகள், குடைகள், இளநீர். கரைமேல் நடந்து மணல்மேடு வரை போனார்கள். அதிகாரிகளில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், "குப்பத்துக்கு மேற்கே மாநிலப் புறம்போக்கு எதுவும் இல்லையா?" இருந்தது. பனைமரங்களுக்கு நடுவே காய்ந்த நிலம். "அதையே புது இடுகாடாக ஒதுக்கிவிடுங்களேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

நியாயமான யோசனை. முழுக்க நம்முடையதாக இருந்ததால் சீக்கிரமே உத்தரவாயிற்று. நானே நின்று எல்லைக்கல் நட்டேன். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். குப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குச் சந்தோஷம். கிட்டத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் வழுக்காது, கேட் கிடையாது.

சவரிமுத்து மட்டும் வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போனேன். வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க வேணா சார். எம்பொண்டாட்டி அந்தாண்ட கெடக்குறா."

"இனிமே பழைய இடத்துல புதைக்கக் கூடாதுன்னு உத்தரவு ஆயிடுச்சு, ஐயா. நம்ம உத்தரவுதான்."

"உங்க உத்தரவா?" என்று கேட்டுவிட்டு அவர் வலையைப் பார்த்தார். "அன்னிக்கி அவங்க உத்தரவுன்னீங்க."

கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று எல்லோரும் தங்கள் சொந்தக்காரர்களின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியாக வேண்டும். புது இடத்தில் அப்போது கல்லறை ஒன்றிரண்டுதான்; மற்றதெல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம். கோதண்டராமன் என்னைக் கேட்கவில்லை. மெட்ராஸையும் கேட்கவில்லை. மத்தியானமே சங்கிலியை அவிழ்த்துவிட்டு, வாட்ச்மேன்களை வேறு பாத்திக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்ட பூட்ட மறந்துட்டேன் சார்" என்றார். இரண்டு பேரும் டீ குடித்தோம். வெகு நேரம் கழித்து சவரிமுத்து எங்களைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். வேட்டி முழங்கால் வரை மணலாக இருந்தது.

நான் அந்த வருடமே மாற்றலாகிப் போனேன். கோதண்டராமன் எனக்கு முன்பே போய்விட்டார். குடும்பம் இருந்த ஊருக்கே கிடைத்தது. கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம், எழுதவில்லை. தாசில்தார் ஓய்வு பெற்றார்.

பல வருடம் கழித்துப் பாண்டிச்சேரி போகிற வழியில் மரக்காணத்தில் பஸ் மாற நின்றபோது, ஒருவர் வந்து கையைப் பிடித்தார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அருளப்பன். நான் அவரை அடையாளம் கண்டுகொள்வதற்குள், "ஆர்.ஐ. சார்தான நீங்க?" என்றார். நான் அப்போது தாசில்தார்; சொல்லவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"போயிட்டாரு சார். ரெண்டு மழைக்கு முன்னால. இந்தாண்டதான் வெச்சோம், பனந்தோப்புல. அம்மாகிட்ட வெக்கச் சொல்லிக் கேட்டுக்கினேதான் கெடந்தாரு. புது ஆர்.ஐ. நல்ல மனுசன், பாவம், எங்கெங்கியோ எழுதிப் பாத்தாரு. பதில் வர்றதுக்குள்ள..."

அவர் பனந்தோப்பு இருந்த பக்கம் பார்த்தார்.

பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறுவதற்கு முன் கேட்டேன், கல்லறைத் திருநாளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று.

"மொதல்ல அப்பாகிட்ட ஏத்திட்டு, அப்பறம் கேட்டாண்ட போயிப் பாப்பேன் சார். தொறந்திருந்தா அம்மாகிட்ட ஒண்ணு ஏத்துவேன். இல்லன்னா திரும்பி வந்து, அப்பா பக்கத்துலயே இன்னொண்ணு."

அந்த இரண்டு கல்லறைகளும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. மனைவி மத்திய நிலத்துக்குள் அகப்பட்ட மணல்மேட்டில். கணவர் நான் கல் நட்ட இடத்தில். உங்களில் யாருக்காவது மரக்காணத்துக்கு உத்தரவு வந்தால், நவம்பர் மாதத்துக்கு முன்னால், அங்கே இப்போது உப்பு இன்ஸ்பெக்டர் யார் என்று விசாரித்து, ஒரு டீ வாங்கிக்கொடுங்கள். கடிதம் எழுத வேண்டாம்.